கோழிக்கு ஓட்டு விழுந்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

போன வாரம் கலிபோர்னியாவிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் பண்ணினான். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். இப்போது அங்கே குடியுரிமை வாங்கி இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. "டீச்சர், இங்க ஆளுக்கு மட்டும் ஓட்டுப் போடறதில்ல. கோழிக்கூண்டு எவ்வளவு பெரிசா இருக்கணும்னுகூட ஜனங்களைக் கேட்டுத்தான் சட்டம் போடறாங்க. நம்ம ஊர்ல இப்படிக் கேட்டா என்ன ஆகும்?" என்றான். சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "படிச்சுட்டுச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். ஒரு வாரம் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியா மக்களுக்கு 1911-லிருந்து ஓர் உரிமை உண்டு. ஒரு சட்டம் வேண்டும் என்று நினைப்பவர்கள் போதுமான கையெழுத்துத் திரட்டினால், அந்தக் கேள்வி வாக்குச்சீட்டிலேயே அச்சாகிவிடும். பாதிக்கு மேல் 'ஆம்' விழுந்தால் சட்டம். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு.

2008 நவம்பர் 4. ஒபாமா ஜெயித்த நாள். அன்று கலிபோர்னியாவின் சீட்டில் இருந்த முன்மொழிவு 2 கேட்டது இதுதான்: முட்டைக் கோழி, சினைப் பன்றி, இறைச்சிக்காக வளர்க்கும் கன்று, இந்த மூன்றும் படுக்க, எழுந்து நிற்க, திரும்ப, கை கால் சிறகை முழுசாக நீட்ட இடம் தர வேண்டுமா?

அப்போது அமெரிக்க முட்டைப் பண்ணைகளில் வழக்கமாக இருந்த அளவு ஒரு கோழிக்கு 67 சதுர அங்குலம். வீட்டில் ஏ4 தாள் இருந்தால் எடுங்கள். மூன்றாக மடித்து ஒரு பங்கைக் கிழித்துவிடுங்கள். மிச்சமிருப்பதுதான் ஏறக்குறைய ஒரு கோழியின் வீடு. முட்டையிடும் காலம் முழுக்க அதற்கு அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. கலிபோர்னியாவில் சீனோ என்ற ஊரின் இறைச்சிக் கூடத்தில், எழுந்து நிற்க முடியாத நோயுற்ற மாடுகளை இயந்திரத்தால் தள்ளி நெம்பும் காட்சியை ஒருவர் ரகசியமாகப் படம் பிடித்து வெளியிட்டார்கள். பிப்ரவரியில் 14.3 கோடி பவுண்டு இறைச்சியைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அந்த நாட்டில் அதுவரை நடக்காத அளவு. அந்தக் கூடத்திலிருந்து பள்ளிக்கூட மதிய உணவுக்கும் இறைச்சி போயிருந்தது. பெற்றவர்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று ஆசிரியரான எனக்குத் தெரியும்.

எதிர்த்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. முட்டை விலை ஏறும், பண்ணைகள் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும், கோழி அங்கேயும் அதே கூண்டில்தான் இருக்கும் என்றார்கள். யோசிக்க வேண்டிய வாதம்தான்.

முடிவு வந்தது. முன்மொழிவு 2-க்கு 82 லட்சத்துக்கும் மேல் ஓட்டு, 63 சதவீதம். அதே மாநிலத்தில் ஒபாமாவுக்கு விழுந்தது 61 சதவீதம். சதவீதக் கணக்கில் கோழி ஜனாதிபதியையே முந்திவிட்டது!

ஆனால் அதே சீட்டில் முன்மொழிவு 8 என்று ஒன்று இருந்தது. அந்த வருஷம் மே மாதம்தான் ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சில மாதங்களுக்குள் சுமார் 18,000 ஜோடிகள் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த உரிமையை எடுத்துவிடலாம் என்பது முன்மொழிவு 8. அதற்கும் 52 சதவீதம் 'ஆம்' விழுந்துவிட்டது.

அன்று ராத்திரி அந்த ஊரில் எத்தனை விதமான அழுகை! கறுப்பினத்தவர் ஒருவர் ஜனாதிபதி ஆனதற்கு ஆனந்தக் கண்ணீர். தங்கள் திருமணம் செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் வீடுகளில் வேறு கண்ணீர். விலங்குகளுக்காக ஊர் ஊராக அலைந்து கையெழுத்து வாங்கியவர்களுக்கு வெற்றிக் களிப்பு. மறுநாளே பலரும் ஒரே கசப்பைச் சொன்னார்கள்: இந்த மக்கள் கோழிக்கு இரங்கினார்கள், மனிதருக்கு இரங்கவில்லை.

எனக்கும் படித்தவுடன் அப்படித்தான் தோன்றியது. அப்புறம்தான் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது.

ஒரு வருஷம் அரையாண்டுத் தேர்வில் சமூக அறிவியல் கேள்வி ஒன்றுக்கு வகுப்பே தப்பாக எழுதியிருந்தது. நான் ஒரு பாடவேளை முழுக்கத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் ஒரு பெண் எழுந்து பயந்துகொண்டே, "டீச்சர், கேள்விய ஒருவாட்டி படிச்சுப் பாருங்க" என்றாள். படித்தேன். 'எது அல்லாதது' என்று எழுத வேண்டியதை 'எது' என்று எழுதியிருந்தேன். பிள்ளைகள் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து விடைத்தாளைத் திருத்தும் முன் கேள்வித்தாளைப் பார்ப்பது என் வழக்கம்.

அந்தக் கண்ணோடு 2008 சீட்டைப் பாருங்கள். முன்மொழிவு 2, 'ஒரு ஜீவன் திரும்பி நிற்க இடம் கொடுக்கலாமா?' என்று கேட்டது. அதற்கு 'கூடாது' என்று எழுத யாருக்குக் கை வரும்? முன்மொழிவு 8-லோ உரிமை வேண்டும் என்பவர் 'இல்லை' என்று குறிக்க வேண்டும், வேண்டாம் என்பவர் 'ஆம்' என்று குறிக்க வேண்டும். ஒன்று யாருடைய நம்பிக்கையையும் தொடாத கேள்வி. மற்றது கோயில், குடும்பம், பழக்கம் எல்லாவற்றையும் தொட்ட கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் வைத்து மக்களின் மனசை எடைபோட முடியாது.

கருணைக் கேள்விக்குள் வேறொன்று ஒளிந்திருந்த கதையும் உண்டு. சுவிட்சர்லாந்தில் 1891-ல் மக்கள் கையெழுத்துத் திரட்டி அரசியல் சட்டத்தைத் திருத்தக் கேட்கும் உரிமை வந்தது. அதன்படி முதல் வாக்கெடுப்பு 1893 ஆகஸ்ட் 20-ல். கேள்வி: மயக்கமடையச் செய்யாமல் விலங்கை அறுப்பதைத் தடை செய்யலாமா? 60 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். கேட்க நல்ல கேள்விதான். விலங்கின் வலியை உண்மையாகவே நினைத்து ஓட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் அது போய் விழுந்தது யூதர்களின் மதச் சடங்கின் மேல். நாட்டுக்குள் விரும்பிய இடத்தில் குடியிருக்கும் உரிமையே அவர்களுக்கு 1866-ல்தான் கிடைத்திருந்தது. யூத வெறுப்பும் அந்த ஓட்டில் கலந்திருந்தது என்று வரலாறு சொல்கிறது. ஆட்டுக்கு இரக்கம் என்று எழுதியிருந்த சீட்டில் அண்டை வீட்டுக்காரன் மேலுள்ள வெறுப்பும் சேர்ந்து எண்ணப்பட்டது.

சரி, ஜெயித்த கோழிக்கு என்ன ஆனது? முன்மொழிவு 2-ல் எத்தனை அங்குலம் என்ற எண்ணே இல்லை. கூண்டே போய்விட்டது என்று ஓட்டுப் போட்டவர்கள் நினைத்தார்கள். பெரிய கூண்டு போதும் என்று பண்ணைக்காரர்கள் நினைத்தார்கள். 2015 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மாநில அரசின் விதியில் வந்த அளவு 116 சதுர அங்குலம். ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். முட்டை விலையும் ஏறத்தான் செய்தது. விடாமல் மறுபடி கையெழுத்துத் திரட்டி 2018-ல் முன்மொழிவு 12 கொண்டுவந்தார்கள். இந்த முறை எண் எழுதினார்கள்: 2020-லிருந்து கோழிக்கு 1 சதுர அடி, 2022-லிருந்து கூண்டே கூடாது, சினைப் பன்றிக்கு 24 சதுர அடி. அதுவும் கிட்டத்தட்ட அதே 63 சதவீதத்தில் ஜெயித்தது. பன்றி வளர்ப்பவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 மே 11-ல், 5-க்கு 4 என்ற கணக்கில், மக்கள் போட்ட சட்டம் நின்றது. ஓர் எண் விட்டுப்போனதற்கு விலை பத்து வருஷம்.

நம் ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. 2014-ல் மிசௌரி முதலான ஆறு மாநிலங்கள் கலிபோர்னியாவின் முட்டைச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டன. எதிர்வாதியாக நின்று சட்டத்தைக் காத்தவர், அப்போது மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த கமலா ஹாரிஸ். நம் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்துப் பூர்வீகம். வழக்கு அந்த வருஷமே தள்ளுபடி ஆனது. அதற்கு முந்தின வருஷம், முன்மொழிவு 8 நீதிமன்றத்தில் செல்லாமல் போனதும், சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தில் முதல் ஜோடிக்குத் திருமணம் நடத்தி வைத்தவரும் அவர்தான்.

அவரே ஜனாதிபதி தேர்தலில் தோற்ற நாள் 2024 நவம்பர் 5. அன்று கலிபோர்னியா மக்கள், முன்மொழிவு 8 விட்டுச் சென்ற வாசகத்தை மாநில அரசியல் சட்டத்திலிருந்து 62 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டு நீக்கினார்கள். அதே நாளில் அங்கே சோனோமா மாவட்டத்தில் மட்டும் ஒரு கேள்வி: பெரிய கால்நடைப் பண்ணைகளை மூன்று வருஷத்தில் மூடிவிடலாமா? சுமார் 85 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஒரு காலத்தில் உலகின் முட்டைத் தலைநகர் என்று பேர் வாங்கிய பெட்டலூமா இருக்கும் மாவட்டம் அது. பண்ணை என்றால் அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் பிழைப்பு.

2008-ல் கோழி வென்றது, மனிதர் தோற்றார்கள். 2024-ல் மனிதர் வென்றார்கள், கோழி தோற்றது. பதினாறு வருஷத்தில் மனசு மாறியதும் உண்மை. ஆனால் 'இடம் கொடு' என்ற கேள்வியும் 'கடையை மூடு' என்ற கேள்வியும் ஒன்றல்ல என்பதும் உண்மை.

இனி என் மாணவனுக்குப் பதில். தம்பி, நம் நாட்டில் இப்படிக் கேள்வி கேட்கும் வாக்குச்சீட்டு கிடையாது. இருந்திருந்தால் நான் எப்படிப் போட்டிருப்பேன்? சத்துணவுக் கூடத்தில் முட்டை நாளன்று மட்டும் தவறாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். விலை ஒரு ரூபாய் ஏறினால் முதலில் யார் தட்டிலிருந்து முட்டை போகும் என்று எனக்குத் தெரியும். அந்த முட்டையை இட்ட கோழி எவ்வளவு இடத்தில் நின்றது என்று அன்றைக்கு நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். 'கோழிக்கு இடம் கொடுக்கலாமா?' என்று மட்டும் கேட்டால் உடனே 'ஆம்'. 'அதற்கான செலவை யார் தருவது?' என்ற வரியும் சீட்டில் இருக்க வேண்டும், அதற்கும் நேர்மையாகப் பதில் எழுத வேண்டும் என்பேன். பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துக் கோழிக்குக் கொடுப்பதும் வேண்டாம், கோழியின் முதுகில் ஏற்றிப் பிள்ளைக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

அடுத்த தேர்தல் முடிவு வரும்போது, எந்த ஊராக இருந்தாலும் சரி, "ஜனங்களே இப்படித்தான்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். என் வகுப்பில் அந்தப் பெண் சொன்னதுபோல, கேள்வியை ஒருவாட்டி படித்துப் பாருங்கள்.

நீங்கள் எப்படி ஓட்டுப் போட்டிருப்பீர்கள்? கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் மார்க் குறைப்பேன், ஜாக்கிரதை!

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்