கிட்ட வந்த துவக்கு

பதுளையில் துப்பாக்கியைத் துவக்கு என்றுதான் சொல்வோம். துருக்கியரின் ‘துஃபெக்’ பல கைமாறி வந்து தமிழ்நாட்டில் துப்பாக்கியானது, சிங்களத்தில் ‘துவக்குவ’ ஆனது. மலையில் எங்கள் வாயில் அது துவக்கு.

1505இல் போர்த்துக்கீசர் இலங்கையில் வந்து இறங்கினார்கள். சில தலைமுறைகளுக்குள் சிங்களக் கொல்லர்கள் தாங்களே துவக்குச் செய்தார்கள். ஐரோப்பியத் துவக்கில் வெடிக்கவைக்கும் பூட்டு வலப்பக்கம் இருக்கும். இங்கே இடப்பக்கம். தோளில் ஊன்றும் கட்டை மீன்வாலைப் போல இரண்டாகப் பிளந்திருக்கும். அடுத்தவன் பொருளைப் பார்த்துச் செய்தாலும் அப்படியே செய்யாத அந்தக் கைகளை நினைத்தால் எனக்குப் பெருமைதான். ஒல்லாந்தர் 1765இல் கண்டியில் கொள்ளையிட்டவற்றில் சிலவற்றோடு இரண்டு பெரிய துவக்குகளும் 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன.

இவையெல்லாம் குழாயின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிப்பவை. மருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, நீண்ட கோலால் இறுக்க வேண்டும். ஒரு வெடி, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே எவ்வளவு தூரத்தில் சுடுவது என்பது உயிர்ப் பிரச்சினை. உட்புறம் வழுவழுப்பான குழாயென்றால் நூறு யார் தாண்டிக் குறி நிற்காது. வரி வெட்டிய குழாய் குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும். ஆனால் சிறுவாய்த் துவக்குக்கு வேறொரு குறை உண்டு. குண்டின் விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். காற்று மோதும் பரப்போ நான்கு மடங்குதான். அதனால் சின்னக் குண்டு சீக்கிரம் களைத்துப்போகும். 0.32 அங்குல ஈயக் குண்டின் எடை ஏறத்தாழ மூன்று கிராம். ஐம்பது யாருக்குள் முயலுக்குப் போதும். பன்றியின் தோளுக்குப் போதாது.

1817இல் எங்கள் ஊவா-வெல்லஸ்ஸ ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது அவர்களின் அதிகாரி வில்சனைக் கொன்றது அம்பு, துவக்கல்ல. அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை (மாகாணத் தலைவர்) கெப்பெட்டிபொல கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். தனக்குத் தந்த ஆயுதங்களை ஆங்கிலேயருக்கே திருப்பி அனுப்பிவிட்டார் என்று இன்றும் சொல்வார்கள். 1818 நவம்பர் 26இல் அவர் தலை வெட்டப்பட்டது.

அதன் பிறகு துவக்கு துரைமார் தோளுக்குப் போனது. பதுளையின் உதவி அரசாங்க அதிபரும் நீதிபதியுமான மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். கனத்த குண்டு வைத்திருந்தவர்களும் யானையைப் பத்துப் பதினைந்து எட்டுக்குள் நெருங்கித்தான் சுட்டார்கள். ரோஜர்ஸ் 1845 ஜூன் 7இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகக் கட்டிய புனித மாற்கு ஆலயம் இன்றும் பதுளையில் நிற்கிறது. அந்த ஆயிரத்து நானூற்றுக்கு எங்கேயும் கல் இல்லை. அது எனக்கு உறுத்துகிறது.

காடு வெட்டிக் கோப்பி வந்தது, பிறகு தேயிலை. எங்கள் ஆட்கள் தோட்ட வேலைக்கு வந்து லயங்களில் குடியேறினார்கள். காட்டோரத்தில் துவக்குக்குக் கடைசி வேலை ஒன்று கிடைத்தது: கட்டுத்துவக்கு. பன்றி வரும் தடத்தில் நாட்டுத் துவக்கைக் கட்டி, குறுக்கே ஒரு நூல். தட்டினால் வெடிக்கும். சட்டம் தடுத்தும் ஓயவில்லை.

நூறு யாரில் தொடங்கிய தூரம் இங்கே ஓரிரு எட்டாகச் சுருங்கிவிட்டது. இந்தத் தூரத்தில் சின்னக் குண்டு களைக்க நேரமே இல்லை. வேட்டைக்காரன் எவ்வளவு கொடியவனானாலும் சுடுமுன் ஒருமுறை பார்ப்பான். நூலுக்குக் கண் இல்லை. அதன் முன்னால் மரையும், நாயும், விறகு பொறுக்கப் போன மனிசரும் ஒன்றுதான். பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் ஆட்களுக்கு அடி விழுவது முழங்காலை ஒட்டி.

எங்கள் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. பசறைப் பக்கத்துத் தோட்டம், மானாப்புல் மண்டிய ஒற்றையடிப் பாதை, பின்னேரம். கம்பளி மடித்துக் கட்டி அதில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கால் தப்பியது, ஆனால் மடங்காது. அதன் பிறகு அவர் கொழுந்து மலைக்கு ஏறவில்லை. லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி பிள்ளை பார்த்தார். நாங்கள் விறகுக்குக் கிளம்பினால் அங்கிருந்தே குரல் கொடுப்பார்:

“கீழ பாத்து நட புள்ள. நூலு இருக்கும்.”