காஸ்பர்சிஜி

காஸ்பர்சிஜி என்பது தொலைக்காட்சித் திரையில் எழுத்துகள், வரைகலை, நிகழ்படம் ஆகியவற்றை நேரடியாக இடுவதற்குப் பயன்படும் ஒரு கட்டற்ற வழங்கி மென்பொருள் ஆகும். சுவீடன் நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்விடி இதனை உருவாக்கி, 2006 ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பில் பயன்படுத்தி வருகிறது. குனூ பொதுமக்கள் உரிமத்தின் 3 ஆம் பதிப்பின் கீழ் வெளியிடப்படும் இது விண்டோசு, லினக்சு ஆகிய இயக்குதளங்களில் இயங்குகிறது.

பின்னணி

செய்தியில் பேசுபவரின் பெயரையோ தேர்தல் எண்ணிக்கையையோ திரையில் காட்டும் பணியை நெடுங்காலம் எழுத்தாக்கி எனப்படும் தனிக்கருவிகளே செய்துவந்தன. கருவி, மென்பொருள், வார்ப்புருக் கோப்பின் வடிவம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே உற்பத்தியாளருக்கு உரியவை. எனவே கருவியை மாற்ற விரும்பிய நிலையம் தன் வார்ப்புருக்கள் அனைத்தையும் மீண்டும் வரைய வேண்டியிருந்தது. கருவியின் விலையை விட இக்கட்டுப்பாடே பெரிய சுமை எனலாம்.

செயற்பாடு

காஸ்பர்சிஜி சாதாரணக் கணினியில் நிகழ்பட வெளியீட்டு அட்டையைப் பொருத்தி இயக்கப்படுகிறது. ஒவ்வொரு வெளியீடும் ஓர் அலைத்தடம். ஒவ்வோர் அலைத்தடத்திலும் பல அடுக்குகள் உண்டு. கூடிய எண்ணுள்ள அடுக்கு மேலே தெரியும். வரைகலை பொதுவாக இரு சைகைகளாக வெளிவரும். ஒன்று நிறங்களைக் கொண்ட படம். மற்றையது எப்பகுதி எந்த அளவுக்கு ஒளிபுக வேண்டும் என்பதைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம். கலவைக் கருவி இரண்டையும் கொண்டு வரைகலையை நிகழ்ச்சியின் மேல் பொருத்துகிறது.

வழங்கிக்கான கட்டளைகள் வெற்று எழுத்து வரிகளாக, டிசிபி இணைப்பின் வழியே 5250 ஆம் துறைக்கு அனுப்பப்படுகின்றன. இதனால் வார்ப்புரு வேறு, அதில் நிரப்பப்படும் தரவு வேறு எனப் பிரிகின்றன. ஓட்ட எண்ணிக்கையைத் தட்டச்சு செய்ய ஒருவர் அமரத் தேவையில்லை. ஒரு சிறு நிரலே அனுப்பிவிடும். ஆனால் இவ்வரிகள் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. வழங்கியை எட்டக்கூடிய எவரும் திரையில் தோன்றுவதை மாற்றிவிட முடியும் என்பதால், இதனைப் பொது இணையத்திலிருந்து பிரிக்கப்பட்ட வலையமைப்பில் வைப்பது இன்றியமையாதது.

வார்ப்புருக்கள்

தொடக்கத்தில் வார்ப்புருக்கள் ஃபிளாஷ் நுட்பத்தில் அமைந்தன. வழங்கியின் மூலநிரல் திறந்ததாக இருந்தும், வார்ப்புரு தனியார் நுட்பம் ஒன்றைச் சார்ந்திருந்தது. அடோபி நிறுவனம் 2020 ஆம் ஆண்டு இறுதியில் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. அதற்கு முன்பே குரோமியம் உலாவிப் பொறி காஸ்பர்சிஜியில் இணைக்கப்பட்டிருந்ததால், எச்டிஎம்எல், சிஎசுஎசு, யாவாசிகிரிப்டு கொண்டு வார்ப்புரு எழுதும் வழி இருந்தது. ஆயினும் பழைய வார்ப்புருக்களைப் புதிதாக எழுதியே ஆகவேண்டும். உலாவியில் வடிவமைத்துச் சோதித்த பக்கமே திரைக்கும் செல்வது இம்முறையின் வசதி. ஒருங்குறி எழுத்துகளை உலாவி சரியாகக் கோப்பதால், 'கொ' போன்ற தமிழ் எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறாமல் தோன்றும்.

பிற சீர்தரங்களுடன் தொடர்பு

செய்தியறைக் கணினியையும் வரைகலை வழங்கியையும் இணைக்க எக்சுஎம்எல் அடிப்படையிலான மாஸ் நெறிமுறை பயன்படுகிறது. நோர்வேயின் என்ஆர்கே உருவாக்கிய சோஃபி என்னும் திறந்த மூலத் தானியக்கத் தொகுதி, செய்தியறையின் நிகழ்ச்சி வரிசையைப் பெற்று காஸ்பர்சிஜி முதலிய கருவிகளை இயக்குகிறது. 2017 இல் முதற்பகுதிகள் வெளியான எசுடி 2110 சீர்தரம், படத்தையும் ஒலியையும் தனித்தனி ஓடைகளாக இணைய நெறிமுறை வலையமைப்பில் அனுப்ப வகைசெய்கிறது. சுருக்கப்படாத உயர்வரையறைப் படத்துக்கு நொடிக்கு ஒரு கிகாபிட்டுக்கும் மேல் தேவைப்படும். ஆகவே சிறிய நிலையங்கள் பலவற்றில் கட்டளைகள் வலையமைப்பிலும், படம் பழைய ஓரச்சு வடத்திலும் செல்கின்றன.