அதிரும் நாற்காலி

முதுகுவலிக்குப் பிசியோதெரபி செய்ய என்னிடம் வருகிறவர்களில் சிலர், இப்போது ஒலி அதிர்வுப் படுக்கையைப் பற்றி விசாரிக்கிறார்கள். நேற்று வந்த கண்டுபிடிப்பு என்ற நினைப்பு. ஆனால் அதன் வேர் பாரிஸ் நகரத்துச் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் இருக்கிறது.

அங்கே நரம்பு மருத்துவராக இருந்தவர் ஷார்கோ. நெடுந்தூரம் ரயிலிலோ குதிரை வண்டியிலோ குலுங்கிப் போய் இறங்கினால் உடம்பு லேசாகிறது என்று பார்க்கின்சன் நோயாளிகள் சிலர் அவரிடம் சொன்னார்கள். அந்தக் காலத்து வண்டிப் பயணம் நல்ல உடம்பையே அடித்துப் போட்டுவிடும். மனப்பிரமை என்று ஒதுக்குவது சுலபம். ஷார்கோ ஒதுக்கவில்லை, மின்சாரத்தால் அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்யச் சொல்லி, 1892-இல் அதைப் பற்றி விரிவுரையும் ஆற்றினார். நோயாளியின் பேச்சுக்குச் செவிகொடுத்த அந்தக் குணத்துக்காகவே அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை. மறு வருடம் காலமாகிவிட்டார்.

ஒலியையே அதிர்வாக உடம்பில் இறக்கியவர் நார்வேக்காரரான ஓலாவ் ஸ்கில்லெ. கைகால் விறைத்த பிள்ளைகளை பீன் பேக் மெத்தையில் கிடத்தி, ஸ்பீக்கர்களை மெத்தையோடு அழுத்தி வைத்து இசையை ஓடவிட்டார். விறைப்பு தளர்ந்தது. 1980-களில் இது படுக்கையாக உருவெடுத்தது: 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலி, ஏறி இறங்கும்படி, இசையோடு கலந்து. 40 ஹெர்ட்ஸ் என்பது பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி எழுப்பும் ஒலிக்கு அருகில். காதுக்கு வெறும் முனகல்தான். படுக்கைக்கு அடியிலிருந்து வரும்போது இடுப்பிலும் தொடையிலும் தெரியும்.

முதுகெலும்பு தேய்ந்தவருக்கு, வலிக்குப் பயந்து சுற்றியுள்ள தசைகள் இறுகிக்கொள்கின்றன; அந்த இறுக்கமே தனி வலியாகிறது. அதிர்வுக்கு வேலை அங்கேதான். விலகின ஜவ்வை அது உள்ளே தள்ளாது. ஜவ்வு புதிதாகப் பிதுங்கியவரை இதில் படுக்கவைக்கக் கூடாது என்பது இத்துறையின் முன்னோடிகளே வகுத்த விதி. இதைச் சொல்லாமல் படுக்கை விற்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஷார்கோவின் முறையை சிகாகோ ஆய்வாளர்கள் பார்க்கின்சன் நோயாளிகளிடம் மறுபடி சோதித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு அதிர்வு, மற்றவர்களுக்கு இதமான ஒலி மட்டும். இரு தரப்பாருக்கும் கொஞ்சம் குணம் தெரிந்தது. அதிர்வு பெற்றவர்களுக்குக் கூடுதலாக ஒன்றுமில்லை. முதுகுவலிக்கும் இப்படிக் கறாரான சோதனைகள் பெரிய அளவில் நடக்க வேண்டும். அதுவரை, உடற்பயிற்சியை விடாதீர்கள், படுக்கையைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன்.