பழனி மலையில் சிறுவர் சூழல் கல்வி

பழனி மலையில் சிறுவருக்கான சூழல் கல்வி, கொடைக்கானலை மையமாகக் கொண்டு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உருவான கல்விமுறை. பிற ஊர்களில் இக்கல்வி பெரும்பாலும் மரக்கன்று நடுவதில் தொடங்குகிறது. இம்மலையிலோ எந்த மரத்தை எங்கே நடலாம், எங்கே மரமே கூடாது என்பதுதான் பாடத்தின் மையம். பள்ளத்தாக்கு மடிப்புகளில் சோலை, மேட்டுச் சரிவுகளில் புல்வெளி என்று இரண்டும் சேர்ந்தே மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுகின்றன. வைகைக்கும் அமராவதிக்கும் இம்மலையின் ஓடைகள் நீர் தருகின்றன.

பள்ளிக்கூடம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே கானகக் கல்வி இருந்தது. பளியர் குடியின் பிள்ளைகள் தேனையும் கிழங்கையும் மூலிகையையும் பெரியவர்களுடன் காட்டில் நடந்தே தெரிந்துகொண்டார்கள். எழுதப்பட்ட வரலாறு இதை அரிதாகவே கணக்கில் எடுக்கிறது. அது பெரிய குறை.

1845இல் அமெரிக்க மதுரை மிஷன் கொடைக்கானலில் குடியேறிய பின் இயற்கையைப் பதிவு செய்யும் பழக்கம் வந்தது. அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்க் இம்மலையில் சேகரித்த பறவைகளுள் ஒன்றான பழனிச் சிரிப்பானின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் உள்ளது. 1895இல் செண்பகனூரில் இயேசு சபையினர் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். அங்கிருந்த அங்லாட் அடிகளார் மலைச் செடிகளைச் சேகரித்து ஆராய்ந்தார். கல்லூரியின் அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய விலங்குகளையும் பறவைகளையும் பள்ளிப் பிள்ளைகள் அருகில் நின்று பார்க்க முடிந்தது. 1901இல் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளி, இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி, மலைநடையைப் பள்ளி வாழ்வின் பகுதியாக்கியது. பின்னாளில் சென்னையில் பாம்புப் பண்ணையையும் அதனருகே முதலைப் பண்ணையையும் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர் அங்கே படித்தவர்.

1950இல் மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி வனமகோத்சவத்தைத் தொடங்கிய பின், மரக்கன்று நடுவது நாடெங்கும் பள்ளிச் சடங்கானது. அதன் அடியில் ‘மரமில்லாத நிலம் வெறும் நிலம்’ என்ற எண்ணம் கிடந்தது. பழனி மலைக்கு இது பொருந்தவில்லை. தோல் பதனிடவும் காகிதக்கூழுக்கும் விறகுக்குமாகச் சீகை எனப்படும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் ஆகியவை புல்வெளிகளில் வளர்க்கப்பட்டன. 1973 முதல் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது என்று 2018இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டியது. மரத்தோட்டங்களும் விவசாயமுமே காரணங்கள்.

பாடம் மாறத் தொடங்கியது 1985இல், பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் உருவானபோது. நாற்றங்கால்களோடு பள்ளிகளையும் அது தன் பணிக்குள் கொண்டுவந்தது. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை சுற்றுச்சூழலை எல்லா வயதினருக்கும் உரிய பாடமாக வைத்தது. 1991இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கச் சொன்னது. தொடர்ந்து 2001இல் பள்ளிகளுக்குத் தேசிய பசுமைப் படை வந்தது. ஆனால் நாடு முழுவதற்குமான பாடநூலில் சோலைப் புல்வெளிக்கு இடம் குறைவு. அந்த இடைவெளியை நிரப்பும் அறிவு உள்ளூரில்தான் விளைந்தது. கே. எம். மேத்யு அடிகளார் 1999இல் வெளியிட்ட பழனி மலைத் தாவர நூல் அதற்கு அடித்தளம். பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் இருவரும் நிறுவிய வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை சோலை மரங்களை நாற்றுகளாக வளர்த்துக் காட்டியது.

சிறு பிள்ளைக்குப் புல்வெளியின் பயனை விளக்குவது கடினமன்று. புல்கட்டியின் மீதும் வெறும் மண்ணின் மீதும் ஒரே அளவு நீர் ஊற்றினால் எது கலங்கி ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். புல்லிடையே முளைக்கும் சீகைக் கன்றை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே கையால் பிடுங்கலாம். அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கி, தீப்பட்டால் கூட்டமாக முளைக்கும் என்பதால் அதே சரிவுக்கு மீண்டும் மீண்டும் போக வேண்டும். ஆனால் வளர்ந்த சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் துளிர்க்கும் இடங்களும் உண்டு. அங்கே அவசரமாக வெட்டுவது தீங்கு. இடத்துக்கு இடம் விடை மாறுவதைச் சிறு வயதிலேயே காண்பது இக்கல்வியின் ஆகச் சிறந்த பயன்.

மாசு பற்றிய பாடமும் இங்கே பாடநூலுக்கு வெளியிலிருந்தே வந்தது. 2001இல் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கு அருகிலிருந்த பழைய இரும்புக் கிடங்கில், வெப்பமானி ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கண்டறியப்பட்டது; ஆலை அவ்வாண்டே மூடப்பட்டது. 2024இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி விதிக்கப்பட்டது.

கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. எஞ்சிய புல்வெளிகளில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை கொட்டி, மடியும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. 2018இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள், அடுத்த பூப்பு எதிர்பார்க்கப்படும் 2030இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருப்பார்கள்.