வில்லியம் கேரி விடைபெற்ற விதம்



வேலையின் நிமித்தம் கடல் கடந்து செல்வோரை நம் சபைகள் ஜெபித்து அனுப்பிவைக்கின்றன. விசாவுக்காக ஜெபிக்கிறோம், பயணத்துக்காக ஜெபிக்கிறோம், போய்ச் சேரும் இடத்தில் நல்ல மேலதிகாரி அமையவேண்டும் என்றும் ஜெபிக்கிறோம். விட்டுச் செல்லும் வேலையையும் வீட்டையும் எவ்விதம் விட்டுச் செல்வது என்பதைப் பற்றியோ நாம் அதிகம் பேசுவதில்லை.

வேதம் அதைப் பற்றிப் பேசுகிறது. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். எலியா தன் சால்வையை எலிசாவின்மேல் போட்டபோது அவன் வயலில் உழுதுகொண்டிருந்தான். முதலில் தகப்பனையும் தாயையும் முத்தமிட்டு வர அனுமதி கேட்டான். பின்பு தன் ஏர்மாடுகளை அடித்து, கலப்பை மரத்தையே விறகாக்கிச் சமைத்து, ஜனங்களுக்குப் பரிமாறிவிட்டு எழுந்து போனான். வீட்டுக்கும் தொழிலுக்கும் அவன் முறையாக விடைகொடுத்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, நாம் அனைவரும் அறிந்த வில்லியம் கேரியின் புறப்பாட்டை இவ்வாரம் சிந்திப்போம். அவர் இந்தியாவில் செய்த ஊழியத்தைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட்ட அந்த ஐந்து மாதங்களை அவ்வளவாகக் கேட்டதில்லை.

கேரி 1761இல் நார்தாம்ப்டன்ஷயரில் பிறந்தார். தகப்பனார் எட்மண்ட் முதலில் நெசவாளர், பின்பு கிராமப் பள்ளி ஆசிரியர். மகனோ செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றார். 1781இல் டாரத்தி பிளாக்கெட் என்னும் பெண்ணை மணந்தார். எழுதப் படிக்க அறியாத டாரத்தி, திருமணப் பதிவேட்டில் பெயருக்குப் பதிலாகச் சிலுவைக் குறியிட்டார். தம்பதியர் தங்கள் இரண்டு பெண் குழந்தைகளைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தனர். வறுமையிலிருந்து மெல்ல மீண்டு, 1789இல் லெஸ்டர் நகரின் ஹார்வி லேன் சபைக்குக் கேரி போதகரானார்.

1792 அக்டோபரில் கெட்டரிங் நகரில் பாப்டிஸ்ட் மிஷனெரிச் சங்கம் பிறந்தது. அன்று வாக்களிக்கப்பட்ட காணிக்கை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். 1793 ஜனவரியில், வங்காளத்திலிருந்து திரும்பியிருந்த மருத்துவர் ஜான் தாமஸுடன் செல்லக் கேரி தம்மை ஒப்புக்கொடுத்தார்.

அவரது சபை அவரைக் கண்ணீரோடு அனுப்பியது. மார்ச் மாதத்தில் பிரிவு ஆராதனை நடந்தது. ஆண்ட்ரு ஃபுல்லர் முதலான நண்பர்கள் அவரைத் தாங்குவதாகப் பொருத்தனை செய்தனர். ஆழமான சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்காக மேலே கயிற்றைப் பிடித்து நிற்பவர்களைப் போலத் தாங்கள் இருந்ததாக ஃபுல்லர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஊழியத்துக்குக் கொடுத்த விடை அழகாகவே அமைந்தது.

வீட்டில் நடந்தது வேறு. கேரி தம்மை ஒப்புக்கொடுத்த பின்னரே டாரத்திக்குச் செய்தி எட்டியது. அப்பொழுது அவர் கர்ப்பவதி. மூன்று சிறுவர்கள் அவர் கையில் இருந்தனர். பிறந்த மாவட்டத்தைச் சுற்றியே வாழ்ந்த அவரிடம், ஐந்து மாதக் கடற்பயணம் போய் மொழி தெரியாத தேசத்தில் குடியேறச் சொன்னார்கள். பிப்ரவரியில் பிரான்சோடு யுத்தமும் மூண்டிருந்தது. டாரத்தி வரமறுத்தார். மகனுக்குப் புத்தி பேதலித்ததோ என்று தகப்பனாரும் கேட்டதாகச் சொல்வர். கேரி மனைவியைப் பிடிங்டன் கிராமத்தில் அவரது உறவினர் அருகே குடியமர்த்தி, மூத்த மகன் ஃபீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு ஏப்ரலில் கப்பலேறினார்.

அந்தக் கப்பல் பாதுகாப்புக் கப்பல்களின் வருகைக்காக வைட் தீவருகே வாரக்கணக்கில் காத்து நின்றது. அங்கேதான் டாரத்திக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி கேரிக்குக் கடிதத்தில் கிடைத்தது. அவர் எழுதிய பதிலில் மனைவி மக்களுக்கான ஏக்கம் நிறைந்திருக்கிறது. அதற்குள் வேறு தொல்லைகளும் எழுந்தன. தாமஸ் தீர்க்காமல் வைத்திருந்த கடன்கள் அவரைத் துரத்தி வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியும் அவர்களிடம் இல்லை. எனவே கப்பல் தலைவன் அவர்களைக் கரையில் இறக்கிவிட்டான்.

அடைபட்ட அந்த வாசலால் ஒரு குடும்பத்துக்கு இரண்டாம் தருணம் கிடைத்தது. கேரியும் தாமஸும் பிடிங்டனுக்குத் திரும்பினர். பிறந்து ஒரு மாதமும் ஆகாத குழந்தையோடிருந்த டாரத்தி மறுபடியும் மறுத்தார். இருவரும் வெளியேறி நடந்தனர். பாதி வழியில் தாமஸ் மட்டும் திரும்பிச் சென்று, அவர் வராவிட்டால் குடும்பம் என்றென்றைக்கும் சிதறிப்போகும், அதற்காக அவர் வருந்துவார் என்று எச்சரித்தார். டாரத்தி பயந்தார். தங்கை கேத்தரினும் உடன் வந்தால் வருவதாக இசைந்தார். ஒரு நாளுக்குள் அவசர அவசரமாக மூட்டை கட்டினார்கள். 1793 ஜூன் 13இல் டோவர் துறைமுகத்திலிருந்து டேனியக் கப்பலொன்றில் அனைவரும் புறப்பட்டனர்.

அன்பானவர்களே, சபைக்கு விடைகொடுக்கக் கேரிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. தாய்வீட்டுக்கும் தன் மண்ணுக்கும் விடைகொடுக்க டாரத்திக்கு ஒரு நாளே கிடைத்தது. அதுவும் அச்சத்தின் கீழ்க் கிடைத்தது.

பின்பு நடந்ததை மறைக்காமல் சொல்லவேண்டும். வங்காளத்தில் பணம் கரைந்தது. குடும்பம் இடம்விட்டு இடம் அலைந்தது. தங்கை கேத்தரின் அங்கிருந்த ஆங்கிலேயர் ஒருவரை மணந்து பிரிந்துபோனார். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அடுத்த ஆண்டிலிருந்து டாரத்தியின் மனம் கலங்கியது. அவர் பின்பு சுகமடையவேயில்லை. நம் தரங்கம்பாடியைப் போலவே டேனியர் ஆளுகையிலிருந்த செராம்பூரில், 1801இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாடு அச்சேறி வெளிவந்தது. அந்த ஆண்டுகளில் டாரத்தி அதே வீட்டில் பெரும்பாலும் அறைக்குள் அடைபட்டிருந்தார். 1807 டிசம்பரில் அவர் மரித்தார். 1834இல் மரிக்கும்வரை கேரியும் தாய்நாடு திரும்பவில்லை. 1816இல் மரித்த தகப்பனாரை அவர் மீண்டும் காணவேயில்லை.

அவசரப் புறப்பாடே டாரத்தியின் நோய்க்குக் காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. நோயும் பிள்ளையின் மரணமும் எந்தத் தாயையும் உடைக்கும். கேரியின் ஊழியத்தைச் சிறுமைப்படுத்துவதும் நம் நோக்கமன்று. கர்த்தர் அவரைப் பயன்படுத்தினார் என்பதற்கு வங்காள வேதாகமம் சாட்சி. ஆயினும் ஊழியத்தின் கனி பெரிதாயிருந்தது என்பதால் டாரத்தியின் கண்ணீர் கணக்கில் வராமற்போகாது. ஆகாரின் அழுகையைக் கண்ட தேவன் அதையும் கண்டார்.

உங்களில் யாராவது இவ்வாண்டு வெளிநாடு செல்ல ஆயத்தமாகிக்கொண்டிருக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் உங்கள் வாழ்க்கைத்துணையிடம் கேளுங்கள். முடிவெடுத்துவிட்டு அறிவிப்பது கேட்பதாகாது. அவர் தயங்கினால், அத்தயக்கத்தை விசுவாசக் குறைவு என்று எண்ணாதிருங்கள். கடன்களைத் தீர்த்துவிட்டுப் போங்கள்; தாமஸின் கடன் கப்பல்வரை துரத்தியதை மறவாதிருங்கள். அலுவலகத்தில் உங்கள் பொறுப்புகளை அடுத்தவருக்குப் பொறுமையாய்க் கற்பித்து ஒப்படையுங்கள். உங்களோடு உழைத்தவர்களோடு அமர்ந்து உணவருந்துங்கள். எலிசா அதைத்தானே செய்தான். முதிய பெற்றோருடன் சில நாட்கள் வேறு வேலையின்றித் தங்கியிருங்கள். பிள்ளைகள் அழ விரும்பினால் அழ விடுங்கள்.

சபையாராகிய நமக்கும் ஒரு கேள்வி உண்டு. கேரிக்காகக் கயிற்றைப் பிடிக்க நண்பர்கள் இருந்தார்கள். டாரத்திக்காகப் பிடித்தவர் யார்? கணவன் வளைகுடா நாட்டில் இருக்க, இங்கே தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் சகோதரியின் வீட்டுக்கு நாம் கடைசியாக எப்பொழுது சென்றோம்? மகனும் மகளும் அயல்நாட்டில் இருக்க, ஆராதனை முடிந்ததும் தனியே நடந்து செல்லும் முதியவரோடு எத்தனை பேர் வீடுவரை செல்கிறோம்?

ஜெபிப்போம். ஆபிரகாமை அழைத்த ஆண்டவரே, புறப்படுகிறவர்களுக்கு வழித்துணையாயிரும். அவர்கள் உடையவர்களைப் பயத்தினால் இழுத்துச் செல்லாமலும், அவசரத்தினால் மறந்துவிடாமலும் அன்பினால் நடத்த உதவிசெய்யும். இங்கே தங்கியிருப்பவர்களின் கண்ணீரை நீர் காண்பதுபோல நாங்களும் காணக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.