பாலைவனம் ஆக்னஸ் மார்ட்டினுக்குக் கொடுத்தது

ஆக்னஸ் மார்ட்டினின் ஓவியங்களைப் பார்க்கிறவர்கள் பலருக்கு உடனே பாலைவனம் தெரிந்துவிடுகிறது. ஆறடிச் சதுரத் துணி, வெளிறிய இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் கிடைமட்டப் பட்டைகள், நடுவே மெல்லிய பென்சில் கோடுகள். வரைந்தவர் வாழ்ந்ததோ நியூ மெக்சிகோவில். அடிவானம் என்று சொல்லிவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த வாசிப்பு நிற்பதில்லை. கனடாவின் சஸ்காட்செவனில் 1912-ல் பிறந்த மார்ட்டின், நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் நியூ மெக்சிகோவில் பல காலம் இருந்தவர். அதே மண், அதே வெளிச்சம். அப்போது வரைந்தவை நிலக்காட்சிகள், ஆளுருவங்கள், பிறகு உயிரிகளைப் போல் நெளியும் அரூப வடிவங்கள். பின்னாளில் அவற்றில் பலவற்றை அவரே அழித்தார். பெயர் வாங்கித் தந்த பென்சில் கட்டங்கள், 1957-க்குப் பிறகு நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய கோயன்டீஸ் ஸ்லிப்பில், கப்பல் பாய் தைத்த பழைய மாடிகளில்தான் உருவாயின. மரம், இரவுக் கடல் என்று இயற்கையின் பெயர்களை ஓவியங்களுக்கு அவர் சூட்டியதும் அந்த நகரத்தில்தான். பாலைவனத்துக்குப் போனபின் பெரும்பாலும் தலைப்பே இல்லை, எண் மட்டும்.

1967-ல் அவர் நகரத்தை விட்டார். குடியிருந்த கட்டடம் இடிபட இருந்தது, நண்பரான ஓவியர் ஆட் ரைன்ஹார்ட் இறந்தார், மனச்சிதைவு நோயும் துரத்தியது. தூரிகைகளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு பிக்கப் வண்டியில் நாடு சுற்றி, 1968-ல் நியூ மெக்சிகோவின் கியூபா என்ற சிற்றூர் அருகே, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு மேட்டுநிலத்தில் பச்சைமண் கல்லால் தானே வீடு கட்டினார். 1974 வரை ஓவியம் வரையவில்லை. பாலைவனம் அவருக்கு முதலில் கொடுத்தது வரையாமல் இருக்கும் உரிமை. நியூயார்க்கில் ஒரு கலைஞர் ஏழு ஆண்டு சும்மா இருந்தால் எல்லோரும் காரணம் கேட்பார்கள். மேட்டுநிலத்தில் கேட்க ஆளில்லை. இதைத் துறவு என்று கொண்டாடுவதும் மிகை. 1975 முதல் நியூயார்க்கின் பேஸ் கேலரி அவர் படைப்புகளைக் காட்டி விற்றது. நியூ மெக்சிகோவின் தாவோஸ் ஊரில் கழிந்த முதுமையில் வெள்ளை மெர்சிடிஸ் ஓட்டினார்.

கட்டங்கள் போய்ப் பட்டைகளும் நிறமும் வந்தது பாலைவனத்துக்குப் பிறகுதானே என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் 1974-ல் திரும்ப வரையத் தொடங்கியபோது பட்டைகள் பல செங்குத்தாகவே நின்றன. கிடைமட்டப் பட்டைகளையும் துணியைப் பக்கவாட்டில் திருப்பி, மேலிருந்து கீழாகவே தீட்டினார். வழியும் வண்ணம் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காக. நாம் அடிவானம் என்கிறோம், அவர் கைக்கு அது நின்ற பட்டை. மனதில் தோன்றிய சிறு படத்தைத் தாளில் பெருக்கி வகுத்து அளவெடுத்த பின்பே துணியைத் தொட்டார். தவறியதைக் கத்தியால் கிழித்தார். கடைசி ஆண்டுகளில் ஆறடி ஐந்தடியானதற்கும் நிலம் காரணமல்ல, தூக்க முடியாத உடம்பு. நிலத்தின் மேல் அவருக்குப் பற்று இல்லாமலில்லை. 1976-ல் ஒரு சிறுவன் மலையிலும் நீரோரத்திலும் நடந்து திரியும் 'கேப்ரியல்' என்ற படத்தை எடுத்தார். மலையையும் ஓடையையும் பூவையும் காட்ட நினைத்தபோது அவர் கையில் எடுத்தது கேமராவை.