பெனரும் கோடும்: ஆதிமூலத்தின் இரண்டு மேசைகள்

போன நோன்புப் பெருநாளைக்கு முந்தின வாரம் பதினெட்டு பெனர் டிசைன் பண்ணினேன். துணிக்கடை, பேக்கரி, ரியூஷன் வகுப்பு, ஒரு கிரிக்கெட் சுற்றுப்போட்டி. எல்லாத்திலயும் பிறை, எல்லாத்திலயும் தங்கக் கலர். கம்பஸ் செலவு அந்தக் காசிலதான் ஓடுது, குறை சொல்ல ஏலாது. ஆனா என்ட கொப்பியில கடைசியாக் கீறின படத்துக்குக் கீழ இருக்கிற திகதி அதுக்கு மூணு மாசம் முந்தினது.

"கடைக்கு வேலை செஞ்சா கை கெட்டுப் போகும்" எண்டு ஒரு கூட்டாளி சொல்றான். "படம் கீறிச் சோறு திங்கலாமா?" எண்டு இன்னொருத்தன். ரெண்டு பேரும் புதுசா ஒண்டும் சொல்லல்ல. அறுபது வருசத்துக்கு முன்னால மதராஸில இதே பேச்சு நடந்திருக்கு.

அங்கே இருந்த அரசு கலை, கைவினைக் கல்லூரியின் வேர் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி. 1960களில் அதன் முதல்வராக இருந்தவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். அவருக்கு ஒரு கவலை: படித்து முடித்து வெளியே போகிற பிள்ளைகள் ஓவியராக எப்படி வாழ்வார்கள்? படம் வாங்க ஆளில்லை. ஆகவே கலைஞர்கள் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள். பத்திக் துணி செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் காணி வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். நாளில் கொஞ்ச நேரம் துணிக்கு, மிச்சம் ஓவியத்துக்கு. மெழுகும் சாயமும் வித்து வந்த காசில கலைஞருக்கு வீடு! ஜே. சுல்தான் அலி மாதிரியானவர்களும் பிறகு அங்கே வந்து வாழ்ந்தார்கள்.

அதே கல்லூரியில் 1966இல் படிப்பை முடித்த கே.எம். ஆதிமூலம் வேறு வழியில் போனார். திருச்சிப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். அவர் சேர்ந்தது நெசவாளர் சேவை மையத்தில். கைத்தறிக்குப் புது வடிவங்கள் தருவதற்காக இந்திய அரசு 1950களில் தொடங்கிய நிறுவனம் அது. பம்பாயில் பிரபாகர் பர்வே, டெல்லியில் அர்பிதா சிங் என்று பிற்காலத்தில் பெரிய பெயரெடுத்த பலர் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு நம்மட மருதமுனைதான் ஞாபகம் வந்தது. தறியில வளைஞ்ச கோடு எண்டு ஒண்டு இல்ல. பாவும் ஊடையும் சந்திக்கிற சின்னச் சின்னக் கட்டங்கள்தான். வளைவு வேணுமெண்டா படி படியா ஏற வேணும். பகல் முழுக்க அப்படிக் கட்டத்துக்குள்ள யோசிச்ச ஒருவர் கையில பேனா கிடைச்சா என்ன செய்வார்? காந்தி நூற்றாண்டான 1969இல் ஆதிமூலம் காந்தியைக் கோட்டோவியங்களாகக் கீறினார், ஏறத்தாழ நூறு. கறுப்பு மை மட்டும்தான். கோடு தன்பாட்டில ஓடும், சுத்தும், திடீரெண்டு நிண்டுரும். தறி தராத சுதந்திரத்தை அவர் தாளில் எடுத்துக்கொண்டார் என்பது என்னுடைய ஊகம் மட்டும்தான்.

பத்திரிகைகளுக்கும் அவர் கீறினார். சிறுபத்திரிகைக்கும் கீறினார், ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கும் கீறினார். வெகுசன வார இதழ் என்பதற்காகக் கோட்டை இனிப்பாக்கவில்லை. எனக்கு இந்த இடம்தான் முக்கியம். கை கெடுவது வேலையால இல்ல, ஆள் கேக்க முன்னமே நாமளாப் பிறையையும் தங்கக் கலரையும் போட்டுர்றதாலதான்.

பிறகு எண்ணெய் வண்ணத்தில், உருவமே இல்லாத பெரிய ஓவியங்களுக்குப் போனார். பத்திரிகை வழியாக மட்டும் அவரைத் தெரிந்தவர் அந்தக் கன்வஸுக்கு முன்னால் நின்றால் இது அதே ஆள்தானா என்று கேட்பார். 2008இல் இறந்தார்.

ஒண்ட மறைக்கக் கூடாது. ஆதிமூலத்துக்கு மாசச் சம்பளம் இருந்தது. ஒரு பெனருக்கு இவ்வளவு எண்டு பேரம் பேசுற எனக்கு அது இல்ல. அதனால அவரைப் பார்த்து 'ரெண்டையும் செய்யலாம்' எண்டு லேசாச் சொல்ல மனசு வரல்ல. நம்மட நாட்டிலயும் லக்கி சேனநாயக்க இருந்தார். 1979இல் வந்த பறவை, மிருகப் படம் போட்ட நோட்டுகளை வடிவமைத்தவர், ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களுக்கும் வேலை செய்தவர். அவருக்கும் பின்னால ஒரு பாவா தேவைப்பட்டார்.

மருதமுனையில தறியில இருந்த உம்மாட வாப்பாவுக்கு அப்படி ஒருத்தரும் இல்ல. அவர் நெய்த ஒரு சாறன் இன்னும் எங்கட பெட்டியில இருக்கு. கரையில ஒரு பச்சைக் கோடு மத்தக் கோடுகளவிட கொஞ்சம் தடிப்பு. பிழையா எண்டு உம்மாட்டக் கேட்டேன்.

"பிழையில்ல மகன். முதலாளி சொன்னது மெல்லிசா. வாப்பாக்கு அப்பிடித்தான் வடிவாத் தெரிஞ்சிருக்கு. முதலாளி எடுக்கல்ல, அதாலதான் வீட்டில கிடக்கு" எண்டு சொன்னா.